சாலகக் காந்தமும் சிக்கலெண் தளமும்
லீ, யாங் கோட்பாடு பற்றிய ஒரு திறனாய்வு

நீரைக் காய்ச்சுவார் யாவரும் ஒரு புதுமையைக் காண்கின்றனர். நாளுங் காண்பதால் அதனைப் புதுமையென எண்ணுவதில்லை. அடுப்பிலேற்றிய நீர் படிப்படியாகச் சூடேறுகின்றது. வெப்பநிலை ஒரு பாகை உயர நீரின் அடர்த்தி சிறிதளவே மாறும். மற்றுமொரு பாகை உயர மற்றுஞ் சிறிதளவு மாறும். ஆயின், 100 பாகையை எய்தியதும் அவ்வொழுங்கு திடீரென முறிகின்றது. நீர் ஆவியாகி ஏறத்தாழ 1600 மடங்கு பருமனை அடைகின்றது. இரும்பின் இயல்பும் இதனோடு ஒருபுடை ஒப்புடையது. காந்தமாகிய இரும்பைச் சூடாக்கின், அதன் காந்தத்தன்மை குறைந்து குறைந்து சென்று 770 பாகையளவில் அறவே மறைந்துவிடும். அந்நிலைக்கு மேல் எத்துணை சூடாக்கினும் அது தானாகக் காந்தமாவதில்லை.

அணுக்களின் இயல்பிலிருந்து பொருள்களின் இயல்பைக் கணிக்கும் புள்ளிவிபரப் பௌதிகவியலுக்கு இம்முறிவு நெடுங்காலம் ஒரு பெருஞ் சிக்கலாக நின்றது. அத்துறையின் வழி பின்வருமாறு: ஒரு பொருள் அடையக்கூடிய நிலை ஒவ்வொன்றுக்கும் அதன் சக்தியையும் வெப்பநிலையையும் பொறுத்து ஓர் எடை வழங்கப்படும், எடைகள் யாவும் கூட்டப்படும். அக்கூட்டுத்தொகையே பங்கீட்டுச் சார்பு. அதன் மடக்கையிலிருந்து அமுக்கம், அடர்த்தி, காந்தமாக்கம், தன்வெப்பம் ஆகிய அனைத்தையும் பெறலாம். ஆயின், எடை ஒவ்வொன்றும் எவ்விடத்தும் முறிவில்லாத சீரான சார்பு. சீரானவற்றைக் கூட்டினாற் சீரானதே பிறக்கும். அவ்வாறாயின், நீர் கொதிக்குமிடத்துத் தோன்றும் முறிவு எங்கிருந்து வந்தது?

1937 ஆம் ஆண்டில், வான் டெர் வால்ஸ் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி அம்ஸ்ரடாமில் அறிஞர் கூடியபோது இவ்வினா எழுந்தது. ஒரே பங்கீட்டுச் சார்பு வாயுவையும் திரவத்தையும் அவற்றிடையேயுள்ள முறிவையும் ஒருங்கே தரவல்லதோ என வாதிடப்பட்டது. கிறாமேர்ஸ் அதனை அவையோரின் வாக்குக்கு விட்டாரென்றும், அவை இரண்டுபட்டதென்றும் கூறுவர். கணிதத்தின் வினாவொன்று வாக்கெடுப்பிற்கு வந்தமையே அக்காலத்து ஐயத்தின் ஆழத்தைப் புலப்படுத்தும்.

ஐயத்தை நீக்கிய விடை 1952 ஆம் ஆண்டில் வந்தது. பிறின்ஸ்ரன் உயராய்வு நிறுவனத்திலிருந்த யாங், லீ என்னும் சீன அறிஞர் இருவர், அமெரிக்கப் பௌதிகவியல் ஏடொன்றில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகளை வெளியிட்டனர். முறிவின் காரணத்தை அவர்கள் மெய்யெண்களின் கோட்டிலே தேடவில்லை. கோட்டுக்குப் புறத்தே, சிக்கலெண்களின் தளத்திலே தேடினர். அவ்விடையின் பெறுமதி யாது, அதன் எல்லை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலகக் காந்தத்தின் வரலாறு

ஒழுங்காக அமைந்த புள்ளிகளின் கூட்டத்தைச் சாலகம் என்பர். 1920 ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் லென்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், சாலகமொன்றையே காந்தத்தின் மாதிரியுருவாகக் கொள்ளலாமெனக் காட்டினார். சாலகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு உளது. அது மேனோக்கும், அல்லது கீழ்நோக்கும். மூன்றாவது திசை அதற்கில்லை. அயலிலுள்ள இரண்டு அம்புகள் ஒரே திசையை நோக்கின் சக்தி குறையும். எதிரெதிரே நோக்கின் கூடும். மாதிரியுரு இவ்வளவே. பெரும்பாலான அம்புகள் ஒருமுகப்படின் அது காந்தம். இரு திசையிலும் சமமாகச் சிதறின் அது காந்தமன்று.

லென்ஸின் மாணவர் ஏர்ணஸ்ற் ஈசிங் ஒரே வரிசையில் நிற்கும் அம்புகளுக்கு இக்கணக்கைத் தீர்த்து 1925 இல் வெளியிட்டார். தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் அவ்வரிசை தானாகக் காந்தமாகாது என்பதே அவர் கண்ட முடிவு. அம்முடிவு சரியானது. ஆயின், முப்பரிமாணச் சாலகத்துக்கும் அதுவே பொருந்துமென அவர் கருதியது பிழை. 1936 இல் பையேள்ஸ் அப்பிழையைச் சுட்டினார். வரிசையிலே ஒரு பகுதியைத் தலைகீழாக்குவதற்கு அதன் இரு முனைகளில் மட்டுமே சக்தி செலவாகும். பகுதி எத்துணை நீண்டதாயினும் செலவு அவ்வளவே. தளத்திலோ தலைகீழாகும் தீவின் கரை முழுவதும் செலவுண்டு. தீவு பெருகக் கரையும் பெருகும். ஆகவே, தாழ்ந்த வெப்பநிலையில் தளக்காந்தம் நிலைபெறும்.

1941 இல் கிறாமேர்ஸ், வானியர் என்போர் சதுரச் சாலகத்தில் முறிவு நிகழும் அவதி வெப்பநிலையைக் கண்டறிந்தனர். அயலம்புகளின் இணைப்புச் சக்தியைப் போல்ற்ஸ்மான் மாறிலியால் வகுத்துப் பெறும் அளவில் அது 2.269 ஆகும். 1944 இல் லார்ஸ் ஒன்சாகர், புறக்காந்தப்புலம் இல்லாத சதுரச் சாலகத்தின் பங்கீட்டுச் சார்பை முற்றாகக் கணித்தார். அவதி வெப்பநிலையில் தன்வெப்பம் மடக்கையின் போக்கில் முடிவிலியை நோக்கி உயர்தல் அக்கணிப்பாற் புலனாயிற்று. சீரான எடைகளின் கூட்டத்திலிருந்து முறிவு பிறத்தல் கூடும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது.

எனினும், கணிப்பு வேறு, காரணம் வேறு. ஒன்சாகரின் கணிப்பு ஒரு சாலகத்துக்கு உரியது. புலமில்லா நிலைக்கு உரியது. நீண்டு செல்லும் அக்கணிப்பைப் பின்பற்றிச் செல்பவர் இறுதியில் முறிவைக் காண்பர். அது ஏன் வந்தது என்பதைக் காணார். அக்குறையை நிரப்பியதே லீ, யாங் கோட்பாட்டின் சிறப்பு.

பூச்சியங்களின் இருப்பிடம்

மேனோக்கும் ஒவ்வோர் அம்புக்கும் புறக்காந்தப்புலம் ஒரு காரணியை வழங்குகின்றது. அதனைச் ச எனக் குறிக்கலாம். புலம் இல்லாதபோது ச இன் பெறுமானம் 1. புலம் மேனோக்கின் 1 இலும் பெரிது. கீழ்நோக்கின் 1 இலும் சிறிது. எந்நிலையிலும் அது நேர்மறையான மெய்யெண்ணே. ஓர் அம்பு மேனோக்கும் நிலைகளை ச இன் முதலடுக்கும், இரண்டு அம்புகள் மேனோக்கும் நிலைகளை அதன் இரண்டாம் அடுக்கும் குறித்துச் செல்ல, பங்கீட்டுச் சார்பு முழுவதும் ச இன் பல்லுறுப்பியாகிவிடும். அப்பல்லுறுப்பியின் படி, சாலகப் புள்ளிகளின் தொகை. குணகங்கள் எடைகளின் கூட்டுத்தொகைகளாதலின் யாவும் நேர்மறையானவை.

இவ்வெளிய கூற்றிலேயே கோட்பாட்டின் வித்து அடங்கியுள்ளது. படி எத்துணையோ அத்துணை மூலங்கள் பல்லுறுப்பிக்கு உண்டு. ஆயின், நேர்மறைக் குணகங்களையுடைய பல்லுறுப்பி, ச நேர்மறையாய் இருக்கும் எவ்விடத்தும் பூச்சியமாகாது. ஆகவே, மூலங்கள் யாவும் நேர்மறை மெய்யச்சுக்குப் புறத்தேதான் இருத்தல் வேண்டும். பல்லுறுப்பியின் மடக்கை முறிவது அது பூச்சியமாகுமிடத்து மட்டுமே. ஆதலின், முடிவுள்ள எந்தக் காந்தத்திலும் மெய்யான புலத்தில் முறிவு நிகழ்தல் இயலாது. 1937 ஆம் ஆண்டில் ஐயுற்றோர் கூறியதில் இவ்வளவு உண்மை.

அம்புகளின் தொகை பெருகும்போது நிலைமை மாறுகின்றது. மூலங்களும் பெருகும், ஒன்றையொன்று நெருங்கும், சில மெய்யச்சை நோக்கி நகரும். முடிவிலி எல்லையில் அவை மெய்யச்சின் ஒரு புள்ளியை இருபுறத்தினின்றும் நெருக்கிப் பிடித்தால், அப்புள்ளியிலே முறிவு பிறக்கும். மெய்யச்சின் ஒரு துண்டைச் சூழ்ந்த ஒரு பரப்பு மூலங்களின்றி வெறிதாகவே இருக்குமாயின், அத்துண்டில் முறிவு இல்லை. முதற் கட்டுரை இதனைத் தேற்றமாக நிறுவியது. முறிவு எனும் மெய்யுலக நிகழ்ச்சி, மெய்யல்லாத எண்களின் நடமாட்டத்தால் விளக்கம் பெற்றது இவ்வாறேயாம்.

வட்டத் தேற்றமும் அதன் நிறுவலும்

இரண்டாம் கட்டுரை மூலங்களின் இருப்பிடத்தைக் கூறுகின்றது. அயலம்புகள் ஒருமுகப்படவே விரும்புமாயின், மூலங்கள் யாவும் ஆரை 1 ஆகவுள்ள அலகு வட்டத்தின்மீதே கிடக்கும். சாலகத்தின் வடிவம் யாதாயினும், பரிமாணம் எத்துணையாயினும், இணைப்பின் வலிமை இடந்தோறும் வேறுபடினும் இம்முடிவு மாறாது.

இரண்டே அம்புகளை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டும் கீழ்நோக்கும் நிலைக்கு எடை 1. இரண்டும் மேனோக்கின் ச இன் வர்க்கம். எதிரெதிரே நோக்கும் இரு நிலைகளுக்கும் சேர்த்து 2 அ ச. இங்கு அ என்பது இணைப்பு வலிமையாலும் வெப்பநிலையாலும் அமைந்த எண். அது 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்டது. அ அரையாயின் பல்லுறுப்பி, 1 உடன் ச ஐயும் ச இன் வர்க்கத்தையும் கூட்டியதாகும். அதன் மூலங்கள் ஒன்றின் கனமூலங்களுள் மெய்யல்லாத இரண்டுமேயென்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். அவை அலகு வட்டத்தில் 120 பாகையிலும் 240 பாகையிலும் கிடக்கின்றன. வெப்பநிலை முடிவிலியாக அ 1 ஆகும். இரு மூலங்களும் எதிர்மறை ஒன்றில் ஒருங்கு சேரும். வெப்பநிலை தனிப்பூச்சியத்தை அணுக அ மறையும். மூலங்கள் 90 பாகைக்கும் 270 பாகைக்கும் வந்துவிடும். இனி, அம்புகள் எதிரெதிரே நிற்க விரும்புவனவாயின் அ 1 இலும் பெரிது. மூலங்கள் வட்டத்தை விட்டு எதிர்மறை மெய்யச்சுக்குச் சென்றுவிடும். தேற்றத்தின் வலிமையும் அதன் நிபந்தனையும் இச்சிறு கணக்கிலேயே வெளிப்படுகின்றன.

பல அம்புகளுக்கு இதனை விரித்தற்கு லீயும் யாங்கும் ஒரு நிறுவலைத் தந்தனர். 1970 இல் அசானோ என்னும் யப்பானிய அறிஞர் கண்ட வழி அதனினும் எளிது. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே பிரித்து, அதன் இரு முனைகளிலும் வெவ்வேறு மாறிகளை வைத்தல் வேண்டும். மாறிகள் இரண்டும் வட்டத்துக்கு உள்ளேயிருப்பின் அவ்விணைப்பின் பல்லுறுப்பி பூச்சியமாகாது. எல்லா இணைப்புகளின் பல்லுறுப்பிகளையும் பெருக்கினாலும் இப்பண்பு கெடாது. எஞ்சுவது, ஒரே புள்ளியில் வந்து கூடும் மாறிகளை ஒன்றாக்குதல் மட்டுமே. இரு மாறிகள் தோன்றும் கோவையில் நான்கு உறுப்புகள் உள: இரண்டும் இல்லாதது, முதலாவது மட்டும் உள்ளது, இரண்டாவது மட்டும் உள்ளது, இரண்டும் உள்ளது. ஒரு புள்ளியின் அம்பு ஒரே வேளையில் மேலும் கீழும் நோக்காதாதலின் நடுவிலுள்ள இரண்டையும் நீக்கி, முதலையும் ஈற்றையும் வைத்துக்கொள்ளல் வேண்டும். இரு மாறிகளும் சமமாயின் அக்கோவை இருபடியாகும். அதன் மூலங்கள் வட்டத்துக்கு உள்ளே இல்லையாதலின், அவற்றின் பெருக்கமும் வட்டத்துக்கு உள்ளே இராது. அப்பெருக்கம் முதலுறுப்பின் குணகத்தை ஈற்றுறுப்பின் குணகத்தால் வகுத்த ஈவேயாம். நடுவை நீக்கியபின் எஞ்சிய கோவையின் மூலமோ அவ்வீவுக்குக் குறியில் மட்டும் வேறுபட்டது. ஆதலின் அதுவும் உள்ளே இராது. இவ்வாறே புள்ளிகள் யாவற்றையும் ஒன்றாக்கியபின் முழுச் சாலகத்தின் பல்லுறுப்பி கிடைக்கும். அதற்கு வட்டத்தினுள்ளே மூலமில்லை. மேலையும் கீழையும் மாற்றினால் ச அதன் தலைகீழாகும்; ஆகவே, வட்டத்துக்கு வெளியேயும் மூலமில்லை. எஞ்சுவது வட்டமே.

பள்ளியிலே கற்கும் இருபடிச் சமன்பாட்டின் மூலப்பெருக்கம் இத்துணைப் பெரிய தேற்றத்தைத் தாங்கி நிற்றல் வியத்தற்குரியது. ஆசிரியர் இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டின், கணிதத்தின் சிறு கருவிகளை இகழலாகாது என்பது தானே புலப்படும்.

விளக்கத்தின் சிறப்பு

வட்டத் தேற்றம் கிடைத்ததும் வெப்பநிலையின் கதை முழுவதும் ஓர் ஓவியமாகத் தோன்றுகின்றது. மிகவுயர்ந்த வெப்பநிலையில் மூலங்கள் யாவும் வட்டத்தின் இடக்கோடியில், எதிர்மறை ஒன்றில் குவிந்து கிடக்கும். வெப்பநிலை தாழ அவை வட்டத்தின் மேலும் கீழுமாகப் பரவி வலக்கோடியை நோக்கி வரும். வலக்கோடி ச இன் பெறுமானம் 1 ஆகுமிடம். அதாவது, புலமில்லா இடம். மூலங்கள் அதனை எய்தாமல் இடைவெளி விட்டிருக்குங் காறும் காந்தம் தானாகத் தோன்றாது. இடைவெளி மூடும் வெப்பநிலையே அவதி வெப்பநிலை. அதற்குக் கீழே, மேனோக்கிய புலத்திலிருந்து கீழ்நோக்கிய புலத்துக்குச் செல்பவர் மூலங்களாலான வேலியைக் கடந்தே செல்லல் வேண்டும். கடக்குமிடத்திலே காந்தமாக்கம் ஒரே பாய்ச்சலாகத் திசை மாறும். மின்னேற்றம் பூசிய பரப்பைக் கடக்கும்போது மின்புலம் பாய்ந்து மாறுதலை ஒத்தது இது. பாய்ச்சலின் அளவு, வலக்கோடியில் மூலங்கள் எத்துணை அடர்ந்துள்ளன என்பதற்கு நேர்விகிதமானது.

ஈசிங்கின் பழைய முடிவும் இவ்வோவியத்திலே புதுப்பொருள் பெறுகின்றது. ஒற்றை வரிசையிலே வலக்கோடியின் இடைவெளியைக் கணித்தல் எளிது. தனிப்பூச்சியத்துக்கு மேற்பட்ட எவ்வெப்பநிலையிலும் அது சுருங்குமேயன்றி மூடாது. அவருடைய கணக்குச் சரியாயிருந்து முடிவு ஏன் பிழைத்ததென்பதும் விளங்கும்: வேலியின் வாயில் வரிசையில் மட்டுமே எக்காலும் திறந்திருக்கும்.

கோட்பாடு காந்தத்தோடு நிற்கவில்லை. மேனோக்கும் அம்பை மூலக்கூறு இருக்கும் இடமெனவும், கீழ்நோக்கும் அம்பை வெற்றிடமெனவும் கொண்டால் அதே பல்லுறுப்பி வாயுவின் பல்லுறுப்பியாகும். வட்டத்தின் உட்புறம் வாயு, வெளிப்புறம் திரவம். காபனீரொட்சைட்டு 31 பாகைக்கு மேற் கொதியாமலே வாயுநிலையிலிருந்து திரவநிலைக்குத் தொடர்ச்சியாகச் செல்லுமென 1869 இல் தோமஸ் அந்துரூஸ் காட்டினார். வேலியில் வாயில் திறந்திருக்கும் நிலை அஃது எனலாம். அவதி வெப்பநிலைக்குக் கீழே வாயில் மூடுகின்றது. அப்பால், வாயுவைக் குறிக்கும் சார்பும் திரவத்தைக் குறிக்கும் சார்பும் ஒன்றன் நீட்சி மற்றொன்று அல்ல. 1937 அளவில் மேயர் என்பவர் வாயுவின் அமுக்கத்தைத் தொடராக விரித்து, அத்தொடரின் வழியே திரவமாதலையும் விளக்க முயன்றார். வாயுவுக்கு அத்தொடர் மெய்யானது. திரவத்தை மட்டும் அதனாற் காட்ட இயலாது என்பதை 1952 ஆம் ஆண்டுக் கட்டுரை தெளிவாக்கியது.

கோட்பாட்டின் எல்லைகள்

புகழ்தற்குரிய கோட்பாட்டையும் குறைகாட்டி நோக்குதலே திறனாய்வின் கடன். இதற்கெதிராக நான்கு தடைகள் எழுதல் கூடும்.

முதலாவது தடை: உலகிலுள்ள காந்தம் எதுவும் முடிவிலியன்று, ஆகவே, முடிவிலியில் மட்டும் பிறக்கும் முறிவு பொய்த்தோற்றமே எனலாம். இதற்குக் கோட்பாடே விடை தருகின்றது. தனிப்பூச்சியத்தை அணுகும்போது மூலங்கள் வட்டத்தில் சம இடைவெளிகளில் நிற்கும். வலக்கோடிக்கு அண்மையான மூலத்தின் கோணம் 180 பாகையை அம்புகளின் தொகையால் வகுத்த ஈவு. ஓர் இரும்புத் துண்டில் அணுக்களின் தொகை, 1 ஐத் தொடர்ந்து 22 பூச்சியங்களை இட்டெழுதும் எண்ணின் அளவினது. அத்துணை நுண்ணிய கோணத்தை எக்கருவியும் பிரித்தறியாது. முறிவு எத்துணை கூரியது என்பதற்கு மூலத்தின் தூரமே அளவுகோல். இத்தடை கோட்பாட்டைத் தாழ்த்தாது; அதன் நுட்பத்தையே காட்டுகின்றது.

இரண்டாவது தடை வலியது. மூலங்கள் எங்கே கிடக்கின்றன எனத் தேற்றம் கூறுகின்றது. எவ்வளவு அடர்ந்து கிடக்கின்றன எனக் கூறவில்லை. பாய்ச்சலின் அளவும், அவதி வெப்பநிலையின் பெறுமானமும் அடர்த்தியைப் பொறுத்தவை. புறப்புலம் உள்ள சதுரச் சாலகம் இன்றுவரை முற்றாகத் தீர்க்கப்படாமையின், அதன் மூலங்களின் அடர்த்தியும் முற்றாக அறியப்படவில்லை. அதே 1952 இல் யாங் சதுரச் சாலகத்தின் தன்னியல்பான காந்தமாக்கத்தைக் கணித்து வெளியிட்டபோது, வட்டத் தேற்றம் அவருக்குத் துணைபுரியவில்லை. ஒன்சாகர் வழிவந்த நெடுங்கணிப்பே துணைபுரிந்தது. காந்தமாக்கம் அவதி வெப்பநிலையை அணுகுங்கால் எட்டிலொரு பங்கு அடுக்கில் மறையும் என்னும் செய்தியை வட்டத்தைப் பார்த்து எவரும் கூறல் இயலாது.

மூன்றாவது தடை, தேற்றம் ஒருமுக இணைப்பை வேண்டி நிற்றல். அந்நிபந்தனை நீங்கின் ஓவியம் மாறுகின்றது. முக்கோணச் சாலகத்தில் அயற்புள்ளிகள் இரண்டை மூலக்கூறுகள் ஒருங்கே பற்றலாகாது என விதித்த வாயுவை 1980 இல் றொட்னி பாக்ஸ்ரர் தீர்த்தார். அத்தீர்வுக்கு இன்றியமையாதனவாய் அமைந்தவை றொஜர்ஸ், இராமானுஜன் என்போரின் சர்வசமன்பாடுகள். றொஜர்ஸ் 1894 இல் வெளியிட்டு மறக்கப்பட்டவற்றை, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் தாமே கண்டு, 1914 இல் இங்கிலாந்து செல்லுமுன்னரே நிறுவலின்றிக் குறித்து வைத்திருந்தார். தூய எண்கணிதமாய்க் கிடந்தது வாயுவின் கணக்கில் வந்து பயன்பட்டது. அவ்வாயுவில் மெய்யான முறிவு, 11 உடன் ஐந்தின் வர்க்கமூலத்தை ஐந்துமுறை கூட்டி இரண்டால் வகுத்த இடத்தில், அதாவது ஏறத்தாழ 11.09 இல், நிகழ்கின்றது. கூட்டுதற்குப் பதிலாகக் கழித்தால் எதிர்மறையச்சில் 0.09 அளவில் மற்றொரு முறிவு கிடைக்கும். மேயரின் தொடர் 11.09 வரை செல்லாமல் 0.09 இலேயே ஒருங்குதலை இழப்பது இதனாலேயே. அங்கு வாயுவுக்கு நேர்ந்த இடர் ஒன்றுமில்லை. இடர் சிக்கலெண் தளத்தின் மறுபுறத்தில் உளது. மெய்யச்சை மட்டும் நோக்குபவர்க்குத் தொடரின் தோல்வி விளங்காப் புதிராகவே இருக்கும். வட்டம் இங்குத் தோற்றது, தளம் தோற்கவில்லை.

வெப்பநிலையையே சிக்கலெண்ணாக்கி நோக்கும் முயற்சியும் இத்தடையைச் சார்ந்ததே. 1965 இல் மைக்கேல் பிஷர் சதுரச் சாலகத்துக்கு அதனைச் செய்தார். முடிவிலி வெப்பநிலையில் 0 ஆகவும் தனிப்பூச்சியத்தில் 1 ஆகவும் அமையும் ஒரு மாறியின் தளத்தில், மூலங்கள் இரண்டு வட்டங்களில் அமைந்தன. அவற்றின் ஆரை இரண்டின் வர்க்கமூலம். மையங்கள் 1 இலும் எதிர்மறை 1 இலும். அவற்றுளொன்று 0.414 இல் மெய்யச்சை வெட்டுகின்றது. கிறாமேர்ஸ், வானியர் கண்ட அவதி நிலை அதுவே. அழகிய முடிவாயினும் அது தேற்றமாகாது. கிடைத்திசை, நிலைத்திசை இணைப்புகள் சமமல்லாதபோது மூலங்கள் வளைகோட்டை விட்டுப் பரப்புகளை நிரப்புகின்றன என்பதை 1984 இல் வான் சார்லோஸ், குர்ட்சே என்போர் காட்டினர். புலத்தின் தளத்தில் உள்ள சட்டம் வெப்பநிலையின் தளத்தில் இல்லை.

நான்காவது தடை: கற்பனைப் புலம் இயற்கையில் இல்லை, ஆகவே, மூலங்கள் கணிதத்தின் நிழல்களே எனலாம். நெடுங்காலம் இதற்கு விடை அரிதாயிருந்தது. 1978 இல் பிஷர், வேலியின் விளிம்பே தனக்குரிய அவதி நிகழ்ச்சியையுடைய ஓரிடம் எனக் கொண்டு ஆராய்ந்தார். 1985 இல் கார்டி, இருபரிமாணத்தில் அவ்விளிம்பருகே மூலங்களின் அடர்த்தியை ஆளும் அடுக்கு எதிர்மறை ஆறிலொன்று எனக் கண்டார். மேற்கூறிய வாயுவின் எதிர்மறை முறிவுக்கும் அவ்வடுக்கே பொருந்துகின்றது. பின்னர், 2012 இல் வெய், லியூ என்போர் ஒரு வழி கண்டனர்: ஓர் ஆய்வு அணுக்கருவை அம்புக் கூட்டத்தோடு இணைத்தால், கற்பனைப் புலத்தின் இடத்தைக் காலம் ஏற்றுக்கொள்ளும், மூலத்துக்குரிய கணங்களில் அவ்வாய்வுக்கருவின் குவாண்டம் ஒத்தியைபு மறையும். 2015 இல் ஒரு பொசுபரசு அணுவும் ஒன்பது ஐதரசன் அணுக்களும் கொண்ட மூலக்கூற்றில் கருக்காந்தப் பரிவு முறையால் இது செய்து காட்டப்பட்டது. 63 ஆண்டுகள் தாளில் இருந்த மூலங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தன. நிழல் என்ற குற்றச்சாட்டு இதன்பின் நிலைத்தல் அரிது.

மற்றொரு வாயில்

சிக்கலெண் சாலகத்துக்குள் நுழையும் வாயில் இதுவொன்றே அன்று. மேற்கூறிய கோட்பாட்டிற் சிக்கலெண் புலத்தைக் குறித்தது. தளச் சாலகத்தின் புள்ளியொவ்வொன்றின் இருப்பிடத்தையும் ஒரு சிக்கலெண்ணாகக் குறிக்கும் வழியும் உண்டு. உருசிய அறிஞர் சிமிர்னோவ், அவதி வெப்பநிலையிலுள்ள சாலகத்தின்மீது ஒரு சார்பை அமைத்து, அது ஒவ்வொரு சிறு சதுரத்திலும் கோஷி, றீமான் சமன்பாடுகளின் சாலக வடிவத்துக்கு இணங்குதலைக் காட்டினார். சாலகத்தின் கண்கள் சிறுக்குங்கால் அச்சார்பு உண்மையான சிக்கலெண் பகுமுறைச் சார்பாகின்றது. அதனாற் கோணங் காக்கும் உருமாற்றங்கள் யாவற்றிலும் தன் வடிவைக் காக்கின்றது. இதனையும் இதனோடொத்த பிற ஆய்வுகளையும் பாராட்டி 2010 இல் ஐதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அவருக்குப் பீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. தேன்கூட்டுச் சாலகத்தில் தன்னைத்தான் மீண்டுந் தொடாமற் செல்லும் பாதைகளின் தொகை, ஒவ்வோர் அடிக்கும் 1.848 மடங்களவில் வளருமென 1982 இல் நீன்ஹூயிஸ் கூறியதை, 2012 இல் வெளியான கட்டுரையில் தூமினில் கோப்பேனும் சிமிர்னோவும் இவ்வகைச் சார்பினாலேயே நிறுவினர்.

இரு வாயில்களையும் ஒப்பிடுதல் பயன்தரும். சிமிர்னோவின் வழி தளத்துக்கு மட்டுமே உரியது. முப்பரிமாணத்தில் அது செல்லாது. செல்லுமிடத்திலோ எல்லைக்கோடுகளின் வடிவையும் நிகழ்தகவுகளையும் நுணுகிக் கூறவல்லது. லீ, யாங் வழி எப்பரிமாணத்துக்கும் எவ்வடிவச் சாலகத்துக்கும் பொருந்தும். ஆயின், வடிவைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஒன்று ஆழமுடையது, மற்றது அகலமுடையது. இரண்டையும் ஒருங்கே உடைய முறை முப்பரிமாணச் சாலகத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. நீரும் இரும்பும் முப்பரிமாணப் பொருள்களாதலின் இக்குறை சிறிதன்று.

முடிவுரை

லீ, யாங் கோட்பாடு எண்களைத் தரும் கோட்பாடன்று. காரணத்தைத் தரும் கோட்பாடு. அவதி வெப்பநிலையைக் கணிக்க விரும்புவோன் அதனை அணுகின் வெறுங்கையனாய் மீள்வான். சீரான எடைகளின் கூட்டத்தில் முறிவு எவ்வாறு பிறக்கின்றது, வரிசையில் ஏன் பிறப்பதில்லை, தொடர் ஏன் இடைவழியில் நின்றுவிடுகின்றது என வினவுவோன் நிறைந்த கையனாய் மீள்வான். கணிப்பே விளக்கமெனக் கருதுவார்க்கு இவ்வேறுபாடு ஒரு படிப்பினை.

மற்றொன்றும் கருதற்பாலது. சிக்கலெண்கள் பாடசாலையில் அறிமுகமாகுங்கால், தீர்வில்லாச் சமன்பாட்டுக்குத் தீர்வு கற்பித்த ஒரு தந்திரமாகவே மாணவர்க்குத் தோன்றும். கற்பனை எண் என்னும் பெயரும் அவ்வெண்ணத்தை வலியுறுத்தும். சாலகக் காந்தத்தின் கதை அதனை மறுக்கின்றது. இரும்பு காந்தத்தை இழக்கும் கணத்தில் நிகழ்வது யாதென மெய்யெண்களை மட்டும் கொண்டு கூறப்புகுந்தோர் 1937 இல் வாக்கெடுப்பில் முடித்தனர். தளத்தை முழுமையாக நோக்கியோர் 1952 இல் தேற்றத்தில் முடித்தனர். கோட்டின்மீது காணும் முறிவுக்குக் காரணம் கோட்டுக்கு வெளியே இருந்தது.